முறை தப்பும் ஜோடிகள்: ரசிகர் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் நாங்கள் சிலர் சேர்ந்து, ஒருவர் எழுதிய ரசிகர் கதையை மற்றவர் படித்துத் திருத்திக் கொடுக்கிறோம். பாரதம், ராமாயணம், பொன்னியின் செல்வன், வெளிநாட்டுப் படங்கள் என்று எதை எடுத்து எழுதினாலும் ஒரு கட்டத்தில் ஒரே சண்டைதான் வருகிறது: "அவங்க ரெண்டு பேரும் மூலக்கதையில உறவாச்சே, எப்படி ஜோடி சேர்த்தே?" புதிதாக வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் இந்தப் பக்கம். பொன்னியின் செல்வனின் முடிச்சுகள் கீழே அவிழ்கின்றன. நாவலை இன்னும் படிக்காதவர்கள் அந்தக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ரசிகர் கதை என்றால் என்ன? ஷிப் என்கிறார்களே, அது என்ன?

இன்னொருவர் படைத்த பாத்திரங்களை வைத்து, அந்தக் கதையில் நடக்காத ஒன்றை நாம் எழுதுவது ரசிகர் கதை. ஃபேன் ஃபிக்‌ஷன் என்றால் எல்லோருக்கும் புரியும். மூலத்தில் சேராத இரண்டு பேரைக் காதலர்களாகப் பார்ப்பதைத்தான் ஷிப் பண்ணுவது என்கிறார்கள். இங்கே ஜோடி என்றே சொல்வோம்.

எந்த உறவு இடிக்கும், எது இடிக்காது?

நம்ம பக்கத்து இந்துக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றில் கணக்கு இது: அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை கட்டிக்கொள்கிற முறை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதும் பல சாதிகளில் வழக்கம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுத்தாலும், வழக்கம் இருக்கிற இடத்தில் விட்டுக்கொடுக்கிறது.

ஆனால் இதையே எல்லா வீட்டுக்கும் பொதுவாக வைத்துவிடாதீர்கள். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ ஒரு முஸ்லிம் வீட்டில் கேட்டால் கணக்கு வேறு. அங்கே சித்தப்பா மகளைக் கட்டலாம், பெரியம்மா மகளையும் கட்டலாம். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். அது அவர்கள் மார்க்கத்தில் விலக்கு. ஒரே வகுப்பில் படித்து ஒரே கதையை விரும்புகிற குடியாத்தத்துப் பெண்ணுக்கும் ஆம்பூர்ப் பெண்ணுக்கும் வேறு வேறு ஜோடி உறுத்துவது இதனால்தான். எங்கள் வழி: பாத்திரம் எந்தக் குடும்பத்தில் பிறந்ததோ அந்தக் குடும்பத்தின் முறைதான் கணக்கு. எழுதுகிறவர் வீட்டு முறையும் இல்லை, படிக்கிறவர் வீட்டு முறையும் இல்லை.

அர்ச்சுனனும் சுபத்திரையும் நெருங்கிய சொந்தம் என்று வெளிநாட்டுத் தோழி அதிர்ச்சி அடைகிறாள். என்ன சொல்வது?

குந்தி வசுதேவரின் கூடப் பிறந்தவள். சுபத்திரை வசுதேவரின் மகள். ஆக அர்ச்சுனன் அவளுக்கு அத்தை மகன், முறை மாப்பிள்ளை. இதில் அதிர்ச்சிக்கு இடமே இல்லை என்று சொல்லுங்கள். வள்ளிமலையையும் காட்டலாம். காட்பாடிக்கு வடக்கே, முருகன் வள்ளியைக் கண்டு மணந்த இடம் என்று சொல்லப்படுகிற மலை. அங்கே வள்ளி வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த பெண். முருகனுக்கும் அவளுக்கும் என்ன சொந்தம்? கந்தபுராணத்தைக் கேட்டால், வள்ளியும் தெய்வானையும் முற்பிறப்பில் திருமாலின் பெண்கள். பார்வதிக்குத் திருமால் அண்ணன். வேடர் வீட்டில் வளர்ந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாலும், சுற்றி வளைத்து அவள் மாமன் மகளாகவே வந்து நிற்கிறாள்! காதல் கதையையும் விடாமல் முறையையும் விடாமல் சொன்ன கெட்டிக்காரத்தனம் அது.

கர்ணன்–திரௌபதி எழுதலாமா?

எங்களிடம் வருவதிலேயே அதிகம் இந்த ஜோடிதான். எழுதலாம். ஆனால் பெரும்பாலோர் சுயம்வரத்தில் அவன் வில்லை எடுத்து வளைத்தான், அவள் மாலை போட்டாள், அப்புறம் ஒரே ஆனந்தம் என்று முடித்துவிடுகிறார்கள். மூலத்திலேயே இதைவிடக் காரமான சரக்கு இருக்கிறது.

வில்லிபாரதத்தில் பழம் பொருந்து சருக்கம் என்று ஒரு பகுதி. வனவாசத்தில் திரௌபதி ஆசைப்பட்டாள் என்று அர்ச்சுனன் ஒரு நெல்லிக்கனியை வீழ்த்துகிறான். அது ஒரு முனிவருக்கு உரிய கனி. அவர் சாபத்துக்குப் பயந்து பாண்டவர்கள் கண்ணனைக் கூப்பிட, மனதில் உள்ளதை ஒளிக்காமல் ஒவ்வொருவரும் சொன்னால் கனி மறுபடி மரத்தில் போய் ஒட்டும் என்கிறான் அவன். திரௌபதியின் முறை வருகிறது. ஐந்து பேர் கணவராக இருந்தும் இன்னொருவனையும் நாடுகிறது என் மனம் என்கிறாள். கனி ஒட்டிக்கொள்கிறது. யார் அந்த இன்னொருவன் என்று அவள் சொல்லவில்லை. கதை கேட்ட சனம் கர்ணன் பெயரைப் போட்டுக்கொண்டது. மராத்தியில் இதே கதை நாவல் பழத்தை வைத்து நடக்கிறது. அங்கே கர்ணன் பெயரே வந்துவிடும்.

வியாசரிடம் இன்னொன்று. போருக்கு முன் கண்ணன் கர்ணனைத் தனியாகச் சந்தித்து, நீ குந்தியின் மூத்த மகன், எங்கள் பக்கம் வந்துவிடு என்கிறான். அரசு உனக்கு, தம்பிகள் ஐவரும் உன் காலில் விழுவார்கள் என்று ஆசை காட்டிக்கொண்டே வந்து, ஆறாவது முறையில் திரௌபதியும் உன்னிடம் வருவாள் என்றும் சொல்கிறான். கர்ணன் மறுக்கிறான். அந்த மறுப்பை விட்டுவிட்டு இந்த ஜோடியை எழுதுகிறவர் ஒரு பொக்கிஷத்தைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிறார் என்பது என் கருத்து.

இப்போது உறவுக்கு வருவோம். சுயம்வரத்திலேயே கர்ணனைக் கட்டியிருந்தால் அவள் ஐவருக்கும் அண்ணி. ஐவரைக் கட்டிய பிறகு கர்ணனைப் பார்த்தால் அவன் கணவர்களுக்கு அண்ணன். இரண்டிலும், இது யாருக்கு எப்போது தெரியும் என்பதுதான் கதை. குந்திக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். கர்ணனுக்குப் போருக்குச் சற்று முன். ஐவருக்கு அவன் செத்த பிறகு. இந்த மூன்று நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் ஒவ்வொரு காட்சியும் எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று பாருங்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தாலியின் மூன்றாம் முடிச்சை நாத்தனார் போடுவது நம்ம வழக்கம். பாண்டவர், கௌரவர் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே தங்கை துச்சளை. திரௌபதி ஐவரைக் கட்டினாலும் கர்ணனைக் கட்டினாலும் பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டியவள் அவளேதான். இதை வைத்து யாராவது ஒரு கதை எழுதினால் முதல் ஆளாகப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இந்தக் காலத்துக் கதையாக மாற்றினால் இந்த உறவெல்லாம் எதற்கு?

அங்கேதான் அதிகம் தேவைப்படும். ஒரு வரைவு வந்தது. கர்ணன், காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் ஓட்டும் அதிரதனின் மகன். பாஞ்சாலி சத்துவாச்சாரியில் வசதியான வீட்டுப் பெண். இருவருக்கும் கல்யாணம். குந்தி அதே தெருவில் இருக்கிறாள், உண்மையை யாரிடமும் சொல்லவில்லை. மண்டபத்தில் பீமன் வந்து "வாங்க பாஞ்சாலி, சாப்பிடலாம்" என்கிறான். வரி சப்பென்று இருந்தது.

எழுதிய தம்பியிடம் ஒரே ஒரு மாற்றம் சொன்னோம். தெருவில் வயதில் மூத்த நண்பனின் மனைவியை அண்ணி என்று கூப்பிடுவது சகஜம்தானே? அவன் திருத்திக் கொண்டுவந்தது:

"அண்ணி, எலை போட்டாச்சு, வாங்க" என்றான் பீமன். தாம்பாளத்தோடு பின்னால் வந்த குந்தி நின்றாள். "என்னம்மா, கால்ல ஏதாவது குத்திடுச்சா?" என்று கேட்டான். "ஒண்ணுமில்ல. அண்ணியக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

உண்மை தெரியாமல் பீமன் சொன்ன வார்த்தை உண்மையாகவே இருக்கிறது. அது குந்திக்குத் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். உறவைத் துடைத்துவிட்டு எழுதினால் இந்த இடம் கிடைத்திருக்குமா?

கர்ணன்–பானுமதி?

இதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. துரியோதனன் மனைவியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடுகிறான், அவள் எழுந்திருக்க, ஆட்டத்தை விட்டு ஓடுகிறாள் என்று நினைத்து மேகலையைப் பற்றுகிறான், முத்து சிதறுகிறது, உள்ளே வந்த துரியோதனன் எடுக்கவா, கோக்கவா என்று கேட்கிறான். வியாசரிடம் இந்தக் காட்சி இல்லை, தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. துளியும் சந்தேகம் இல்லாத அந்தக் கேள்விக்காகத்தான் கர்ணன் உயிரைக் கொடுக்கிறான். அவனுக்கும் பானுமதிக்கும் உள்ளுக்குள் ஏதோ இருந்தது என்று எழுதினால் துரியோதனன் ஏமாளி ஆகிறான், கர்ணன் துரோகி ஆகிறான். போதாததற்குப் பிறப்பின்படி அவள் தம்பி மனைவி. எழுதியே தீருவேன் என்றால் அந்த ஏமாளித்தனத்தைத்தான் கதையாக்க வேண்டும். அப்படி ஒரு கதை வந்தது. துரியோதனனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் அப்படிக் கேட்டான் என்று வைத்திருந்தார் எழுதியவர். வயிற்றைப் பிசைந்தது. நல்ல கதை.

அர்ச்சுனன்–உத்தரை?

விராடன் அரண்மனையில் பேடி வேடத்தில் ஒரு வருடம் அவளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவன் அர்ச்சுனன். வேடம் கலைந்ததும் விராடன் பெண்ணைக் கட்டிக்கொள் என்கிறான். அவன், நான் ஆசான், அவள் எனக்கு மகள் மாதிரி, மருமகளாக ஏற்கிறேன் என்று அபிமன்யுவுக்குக் கேட்கிறான். பாத்திரமே வாயைத் திறந்து மாட்டேன் என்று சொன்ன ஜோடி இது. அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கண்ணன்–திரௌபதி?

எந்த மூலத்தை வைத்து எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வியாசரிடம் அவள் கண்ணனின் தோழி. அதை வைத்து எழுதுகிறவர்கள் வட இந்தியாவில் நிறைய. நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு அவன் அண்ணன். துகில் உரியும்போது அண்ணா என்று அவள் அலறுகிற அலறலைக் கேட்டவர் காதில் வேறு எதுவும் ஏறாது. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வதில் பயன் இல்லை, படித்த பாரதம் வேறு. கதையின் தலையில் எந்தப் பாரதம் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

கூத்தில் மட்டும் இஷ்டத்துக்கு மாற்றுகிறார்களே, அவர்களை யாரும் கேட்பதில்லையே?

நல்ல கேள்வி. பழைய வடாற்காட்டுக் கூத்து வாத்தியார்கள் பாரதத்தில் இல்லாத கல்யாணங்களையே விடிய விடிய நடத்துகிறார்கள். அபிமன்யுவை எடுத்துக்கொள்ளுங்கள். வியாசரிடம் அவனுக்கு உத்தரை ஒருத்திதான் மனைவி. கூத்தில் அவன் சுந்தரிக்கு மாலையிடுகிறான். கதைப்பாடலில் அவள் கண்ணன் மகள். வேறு இடங்களில் வத்சலை என்று பெயர் மாறி, பலராமன் மகளாகிறாள். யார் மகளாக இருந்தாலும் தாய்மாமன் மகள். துரியோதனன் மகன் இலக்கணகுமாரனுக்கு அவளைக் கொடுக்க ஏற்பாடு நடக்கிறது. இராத்திரி முழுக்க நடக்கிற சண்டை உரிமைப் பெண்ணை வேறு இடத்தில் எப்படிக் கொடுக்கலாம் என்பதுதான். பெண்ணைப் புதிதாகக் கற்பனை செய்தார்கள். முறையை அப்படியே வைத்தார்கள். கதை முறையின் மேலேயே ஓடுகிறது.

கூத்து ஆரம்பிக்கிற விதத்தையும் கவனித்துப் பாருங்கள். வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வரும். திரை விலகியதும் தன் பெயர், அப்பன் பெயர், வம்சம் எல்லாம் சொல்லும். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் விடமாட்டான். "அப்போ அந்த அம்மா உங்களுக்கு என்ன வேணும்?" என்று குடைவான். ராஜா அத்தை மகள் என்று சொன்னால், "அத்தைன்னா எந்த அத்தை, கூடப் பொறந்த அத்தையா, ஒண்ணுவிட்ட அத்தையா?" என்பான். சனம் சிரிக்கும். சிரிப்போடு சிரிப்பாக, கடைசி வரிசையில் இப்போதுதான் வந்து உட்கார்ந்தவருக்கும் யாருக்கு யார் என்ன உறவு என்று மனதில் பதிந்துவிடும். உங்கள் முதல் அத்தியாயத்தில் இப்படி ஒரு கட்டியக்காரன் வேண்டும். பாட்டியாக இருக்கலாம், வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

முறையைத் தலைகீழாக்கியதும் உண்டு. களபலிக்கு முன் அரவான் கல்யாணம் வேண்டும் என்கிறான். நாளைக்குச் சாகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாகி அவனை மணக்கிறான். அரவான் அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்தவன். கண்ணன் அவனுக்கு மாமன் முறை. மாமனே மனைவியாகிறான். சித்திரையில் கூவாகத்தில் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து அழுவது இந்தக் கதையை நம்பித்தான். இங்கே உறவு இடிப்பதை யாரும் மறைக்கவில்லை. வேறு வழியே இல்லாத ஒருத்தனுக்காக மாமன் இதைச் செய்தான் என்பதில்தான் உருக்கமே இருக்கிறது. உங்கள் ஜோடி முறையை மீறினால், மீறுவதற்கு இந்த அளவுக்குக் காரணம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொன்னியின் செல்வனில் யாரை யாரோடு சேர்க்கக் கூடாது?

கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல் இது. அதில் உறவுதான் மர்மமே.

குந்தவை–மதுராந்தகன் ஜோடியை அரசியல் கல்யாணமாக எழுத நிறையப் பேருக்கு ஆசை. சரி, சரித்திரத்தில் உள்ள கொடிவழியைப் பாருங்கள். பராந்தகனின் பிள்ளைகள் இராஜாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். மூத்தவன் இராஜாதித்தன் 949-இல் தக்கோலத்தில் யானை மேல் இறந்தான். அரக்கோணம் பக்கத்துத் தக்கோலமேதான். கண்டராதித்தன் மகன் மதுராந்தகனான உத்தம சோழன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், அவர் மகள் குந்தவை. ஆக மதுராந்தகன் சுந்தர சோழருக்குப் பங்காளி, குந்தவைக்குச் சித்தப்பா! வயது ஒத்துப்போகிறது என்று பார்த்துச் சேர்த்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நாள் மேல்பாடிக்குப் போய்வாருங்கள். பொன்னையாற்றங்கரையில் தாத்தா அரிஞ்சயனுக்காக ராஜராஜன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் நிற்கிறது. வள்ளிமலையும் பக்கத்தில்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

அடுத்து நந்தினி. நாவலில் அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் அவளுடைய மூடுபல்லக்கில் இரகசியமாகப் பயணம் போகிறானே என்று அவர்களைச் சேர்த்து ஒருவர் இருபது அத்தியாயம் எழுதிவிட்டார். அவர் நாவலின் கடைசி பாகத்தைப் படிக்கவில்லை. இருவரும் மந்தாகினியின் இரட்டைப் பிள்ளைகள். அது தெரியாவிட்டாலும், மதுராந்தகன் சின்னப் பழுவேட்டரையரின் மருமகன், நந்தினி பெரிய பழுவேட்டரையரின் மனைவி. அவள் அவனுக்கு மாமியார் முறை. ஒரு பக்கம் பார்த்தால் கூடப் பிறந்தவள், மறு பக்கம் பார்த்தால் பெரிய மாமியார்.

ஆதித்த கரிகாலன்–நந்தினி மூலத்திலேயே இருக்கிற காதல். ஆனால் அவள் உன் சகோதரி என்று அவனிடம் சொல்லப்படுகிற இடமும் மூலத்திலேயே இருக்கிறது. அவள் தகப்பன் யார் என்பதில் வாசகர்கள் இன்றைக்கும் ஒத்துப்போகவில்லை. எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் நின்று இரண்டையும் அனுபவிக்கப் பார்க்கிற கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை.

அப்போ வளர்ப்பு உறவுக்கு என்ன கணக்கு?

பூங்குழலி–சேந்தன் அமுதனைப் பாருங்கள். அவனை வளர்த்த வாணி அம்மை பூங்குழலியின் அத்தை. அதனால் அத்தை மகன், மாமன் மகள் என்றே பழகுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அவன் கண்டராதித்தன் மனைவி செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை. பூங்குழலிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வளர்ப்பைப் பார்த்தாலும் முறை, பிறப்பைப் பார்த்தாலும் தடை இல்லை. கல்கி கணக்குப் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டிருக்கிறார்.

அண்ணன் தங்கையாக ஒரே வீட்டில் வளர்ந்த இருவரை, இரத்த சம்பந்தம் இல்லையே என்று சொல்லி ஜோடி சேர்ப்பது வேறு விஷயம். டிஎன்ஏ பரிசோதனைத் தாள் ஒன்றை நீட்டி, இனிமேல் காதலிக்கலாம் என்று எழுதுவதை நாங்கள் திருப்பி அனுப்புவோம். பதினைந்து வருடம் அண்ணா என்று கூப்பிட்ட வாய் ஒரு தாளைப் பார்த்து மாறிவிடுமா? அந்த வாய் தடுமாறுவதை எழுதுங்கள். தட்டில் சோறு போட்டுக்கொண்டே, என்ன என்று கூப்பிடுவது எனத் தெரியாமல் "இந்தா" என்று மட்டும் சொல்கிறாளே, அதை எழுதுங்கள்.

சோழர்கள் நிஜத்தில் முறை பார்த்தார்களா?

நன்றாகவே பார்த்தார்கள். ராஜராஜன் மகள் இன்னொரு குந்தவை. அவளைக் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்குக் கொடுத்தான். அவள் மகன் ராஜராஜ நரேந்திரன், மாமன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்கள் மகன் அம்மாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான இரண்டாம் ராஜேந்திரனின் மகளைக் கட்டினான். அவன்தான் 1070-இல் சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். இரண்டு தலைமுறை மாமன் மகள் கல்யாணம் ஒரு வேங்கி இளவரசனைச் சோழச் சக்கரவர்த்தி ஆக்கியது. சரித்திர ரசிகர் கதை எழுதுகிறவர்கள் இந்த ஜோடிகளைத் தொடுவதே இல்லை, ஏனோ.

நான் ஜோடி சேர்த்த பிறகு மூலக்கதை அவர்களை உடன்பிறப்பு ஆக்கிவிட்டது. என்ன செய்வது?

ஸ்டார் வார்ஸ் ரசிகர்கள் அழுத அழுகை இது. முதல் படம் 1977-இல். லூக்–லேயா ஜோடிதான் என்று நிறையப் பேர் நம்பினார்கள். 1978-இல் அனுமதியோடு வெளிவந்த நாவலிலேயே அவர்களுக்குள் ஒரு ஈர்ப்பு உண்டு. 1980 படத்தில் ஒரு முத்தமும் வந்துவிட்டது. 1983-இல் இருவரும் இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டார்கள். பழைய கதைகளை எரிக்க வேண்டுமா என்ன? இன்ன படத்தோடு என் கதை பிரிகிறது, அதற்குப் பின் வந்த எதுவும் இதில் நடக்கவில்லை என்று தலையில் எழுதினால் போதும்.

இராவணன்–சீதை?

கம்பனை வைத்து எழுதுகிறவருக்கு இது உறவுப் பிரச்சினையே இல்லை, வேறு பிரச்சினை. ஆனால் குணபத்திரரின் உத்தரபுராணம் என்கிற சமண நூலில் சீதை இராவணனுக்கும் மண்டோதரிக்கும் பிறந்த மகள். தாய்லாந்து ராமகியனிலும் அப்படியே. புத்த ஜாதகக் கதை ஒன்றில் ராமனும் சீதையும் அண்ணன் தங்கை. இந்த ராமாயணங்களிலிருந்து ஒரு துண்டு, அந்த ராமாயணத்திலிருந்து ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டும்போது உறவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஜாக்கிரதை.

உடல் மாறிப்போகும் கதை எழுதுகிறேன். உறவு தலைக்கா, உடலுக்கா?

குடியாத்தத்துக்காரர்களைக் கேளுங்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வந்து உடலோடு பொருத்தப்படும். பரசுராமன் வெட்டிய ரேணுகையின் தலை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிக்கொண்ட கதை அது. உடல் யாருடையதானாலும் பரசுராமனுக்கு அவள் அம்மாதான். ஆக நம்ம ஊர்த் தீர்ப்பு தலை பக்கம். ஆனால் அந்த உடலுக்கும் ஒரு வீடு, ஒரு புருஷன், பிள்ளைகள் இருந்திருப்பார்களே? அவர்கள் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையை எப்படிப் போடுவது?

உலக அளவில், ரசிகர் கதைகளைப் போட்டு வைக்கிற ஏஓ3 என்ற இணையதளத்தின் வழக்கம் பரவியிருக்கிறது. இரண்டு பெயருக்கு நடுவில் சாய்கோடு இருந்தால் காதல், & குறி இருந்தால் நட்போ பாசமோ. கர்ணன்/திரௌபதி வேறு, கர்ணன் & திரௌபதி வேறு. இதை மாற்றிப் போட்டதால் வந்த சண்டைகள் ஏராளம். அதோடு உறவையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "மூலத்தில் இவர்கள் சித்தப்பாவும் மகளும். இந்தக் கதையில் அந்த உறவு இல்லை" என்றோ, "அந்த உறவு இருக்கிறது, கதையே அதைப் பற்றியதுதான்" என்றோ. இரண்டில் எது என்று சொல்லாமல் விடுவதுதான் வாசகரைக் கோபப்படுத்துகிறது.

நீங்கள் படிக்கவே மாட்டோம் என்று சொல்வது எது?

பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கிற பாத்திரத்தைக் காதல் ஜோடியாக்குவது. மூலத்தில் சின்ன வயதில் கல்யாணம் என்று இருந்தாலும் உங்கள் கதையில் வயதை ஏற்றுங்கள். அப்புறம், நிஜ நடிகர் நடிகைகளையும் அவர்கள் வீட்டாரையும் வைத்து எழுதுவது. பாத்திரத்துக்கு வலிக்காது, ஆளுக்கு வலிக்கும்.

கல்கியின் பாத்திரங்களை எடுத்து எழுதினால் வழக்கு வருமா?

கல்கி 1954-இல் காலமானார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் இந்தியாவில் பதிப்புரிமை. நாவலைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். படமாக எடுத்தவர்கள் புதிதாகச் சேர்த்த காட்சியையோ வசனத்தையோ எடுத்தால் கதை வேறு.

ஊரில் திட்டுகிறார்கள். எழுதியதை எடுத்துவிடவா?

யார், எதற்குத் திட்டுகிறார் என்று பாருங்கள். திரௌபதி எங்களுக்குக் குலசாமி, தீ மிதித்துக் கும்பிடுகிறோம் என்று ஒருவர் வருத்தப்பட்டால், அது கதை பிடிக்காதவரின் குரல் இல்லை. மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அந்தக் கதையை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருங்கள். உறவு தப்பு என்று ஒருவர் சுட்டிக்காட்டினால் கொடிவழியை மறுபடி சரிபாருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அவர் சொல்வது சரியாகவே இருக்கும். இந்த ஜோடி பிடிக்கவில்லை, வேறு ஜோடிதான் சரி என்று திட்டினால், அவரையே அதை எழுதச் சொல்லுங்கள். படித்துத் திருத்திக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.